லக்ஸம்பர்க் ஸ்பேஸ் ஏஜென்சிக்கு சிவி அனுப்பாதீங்க, பக்கத்துக் கதவைத் தட்டுங்க

ஸ்பேஸ் ஏஜென்சில சேரணும்னு சொல்ற பசங்க மனசுல பொதுவா ஒரே படம்தான் ஓடும், பெரிய கன்ட்ரோல் ரூம், வரிசையா ஸ்க்ரீன், கவுன்ட்டவுன், கடைசில எல்லாரும் எழுந்து கை தட்டறது. இந்தப் படத்தோட லக்ஸம்பர்க் ஸ்பேஸ் ஏஜென்சி வாசலுக்குப் போனா சப்புன்னு ஆயிடும். அங்க ராக்கெட் இல்ல, லாஞ்ச்பேட் இல்ல, விண்வெளிக்கு அனுப்ப சொந்தமா ஆளுங்களும் இல்ல. 2018 செப்டம்பர் 12ல ஆரம்பிச்ச ஒரு சின்ன ஆபீஸ், அதுவும் பொருளாதார அமைச்சகத்துக்குக் கீழ. அறிவியல் அமைச்சகம்னு நினைச்சு படிச்சிருந்தீங்கன்னா திரும்ப ஒருதடவை படிங்க, பொருளாதாரம்.

இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும். அவங்க வேலை சாட்டிலைட் செய்யறது இல்ல, சாட்டிலைட் செய்யற கம்பெனிய நாட்டுக்குள்ள கொண்டு வர்றது, வந்த கம்பெனிக்கு காசு எங்க கிடைக்கும்னு காட்டறது, ஐரோப்பிய விண்வெளி நிறுவனமான ஈசாவுல நாட்டோட சார்பா உக்காந்து பேசறது, பள்ளி காலேஜ் பசங்களை இந்தப் பக்கம் இழுக்கறது. அதனால நீங்க இஞ்சினியரா இருந்து நேரா ஏஜென்சிக்கே சிவி தட்டி விட்டீங்கன்னா அது தப்பான வீட்டுல பொண்ணு கேக்கற கதைதான். போக, அது அரசாங்க ஆபீஸ். அரசு ஊழியர் போஸ்ட்டுன்னா பொதுவா லக்ஸம்பர்கிஷ், ஃப்ரெஞ்ச், ஜெர்மன் மூணு பாஷையும் கேப்பாங்க, ஐரோப்பிய யூனியன் குடியுரிமையும் கேப்பாங்க. ஒண்ணு ரெண்டு வேற மாதிரி போஸ்ட் வரலாம், ஆனா அத நம்பி வருஷத்த ஓட்டாதீங்க.

அப்ப எங்க போறது? ஏஜென்சிய சுத்தி சின்னதும் பெரிசுமா எண்பது சொச்சம் கம்பெனியும் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கு, வேலை அங்கதான் இருக்கு. ஏஜென்சியோட வெப்சைட்ல அந்த கம்பெனிங்க லிஸ்ட்டே இருக்கு, யார் என்ன பண்றாங்கன்னு துறை வாரியா பிரிச்சு. முதல் வேலையா அத உக்காந்து ஒரு சாயந்திரம் முழுக்க படிங்க, சும்மா ஸ்க்ரோல் பண்ணாம ஒரு ஷீட்ல எழுதுங்க, கம்பெனி பேரு, எந்த ஊரு, செய்யறது ஹார்ட்வேரா சாஃப்ட்வேரா டேட்டாவா, கடைசியா என்ன காண்ட்ராக்ட் எடுத்தாங்க. நாலு கட்டம் போதும். இந்த ஷீட்டுதான் உங்க மேப்பு.

மேப்ப போடறதுக்கு முன்னாடி அந்த ஊரு ஏன் இப்படி ஆச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும், இல்லன்னா தப்பான ஸ்கில்ல போய் உழைச்சிட்டு இருப்பீங்க. மொத்த நாடே 2,586 சதுர கிலோமீட்டர்தான். ரொம்ப நாளா இரும்பு எஃகுல வாழ்ந்த நாடு, 1970கள்ல எஃகு அடி வாங்கினதும் வேற பொழப்பு தேட ஆரம்பிச்சாங்க. ரேடியோ, டிவி ஒலிபரப்புல ஏற்கனவே பழக்கம் இருந்துச்சு, அத அப்படியே மேல தூக்கிட்டு போய் 1985ல எஸ்இஎஸ்னு ஒரு சாட்டிலைட் கம்பெனி ஆரம்பிச்சாங்க. 1988 டிசம்பர்ல அஸ்ட்ரா 1ஏ ஏரியான் ராக்கெட்ல போச்சு, ஐரோப்பால வீட்டு மொட்டை மாடில சின்ன டிஷ் வெச்சு டிவி பாக்கற பழக்கத்துல இதுக்கு பெரிய பங்கு. அந்த கம்பெனியோட தலைமையகம் பெட்ஸ்டார்ஃப்ங்கற ஊர்ல ஒரு பழைய அரண்மனைல இருக்கு, முன்னாள் கிராண்ட் ட்யூக் ஆன்ரி 1955ல பொறந்ததே அந்த வீட்டுலதான். ராஜா வீட்டு தோட்டத்துல வரிசையா வெள்ளை டிஷ் ஆன்டெனா நிக்கிறத போட்டோல பாத்தாலே இந்த நாட்டோட மொத்த ஸ்பேஸ் கதையும் புரிஞ்சிடும். 2025 ஜூலைல இன்டெல்சாட்ங்கற சாட்டிலைட் கம்பெனியையே இவங்க வாங்கிட்டாங்க, அது ஒரு காலத்துல உலகத்துக்கே பெரிய அண்ணன்.

இதுலருந்து உங்களுக்கு என்ன? இங்க பணம் ஓடறது தகவல் தொடர்பு சாட்டிலைட் பக்கம். ராக்கெட் இஞ்சின் படிச்சவங்களுக்கு இந்த நாடு சுமார்தான், உண்மைய சொல்லிடறேன். ஆர்எஃப் (ரேடியோ அலை), சிக்னல் ப்ராசஸிங், எம்பெடட் சாஃப்ட்வேர், கிரவுண்ட் ஸ்டேஷன், சாட்டிலைட் ஆபரேஷன், நெட்வொர்க் செக்யூரிட்டி, எர்த் அப்சர்வேஷன் டேட்டா, இதுல ஏதாச்சும் ஒண்ணு கைல இருந்தா உள்ள போக வாய்ப்பு நல்லாவே இருக்கு. அப்பறம் சட்டம். ஆமா, வக்கீலுக்கும் இங்க ஸ்பேஸ் வேலை இருக்கு, அது தனி கதை, சொல்றேன்.

2016ல அப்போதைய பொருளாதார அமைச்சர் எட்டியென் ஷ்னைடர், சிறுகோள்ல இருந்தும் நிலாவுல இருந்தும் கனிமம் எடுக்கற தொழிலுக்கு நாங்கதான் ஐரோப்பாவோட வாசல்னு அறிவிச்சார். நிறைய பேரு சிரிச்சாங்க. அரசாங்கம் ப்ளானட்டரி ரிசோர்சஸ்னு ஒரு அமெரிக்க கம்பெனில பணம் போட்டுச்சு, 2018ல அந்த கம்பெனி கைமாறிப் போச்சு, போட்ட 12 மில்லியன் யூரோ போயே போச்சு. சிரிச்சவங்க இன்னும் நல்லா சிரிச்சாங்க. ஆனா அதுக்கு நடுவுல 2017 ஜூலை 20 தேதியிட்ட ஒரு சட்டம் வந்துச்சு, ஆகஸ்ட் 1ல இருந்து அமல், என்னைக் கேட்டா போன பணத்தவிட வந்த சட்டம் பெருசு. அதோட முதல் பிரிவு ஒரே வரி: விண்வெளி வளங்கள சொந்தமாக்கிக்கலாம். அவ்ளோதான். 1967 விண்வெளி ஒப்பந்தம் எந்த நாடும் நிலாவ தன்னோடதுன்னு சொல்லக்கூடாதுங்குது, இவங்க சொல்றது, இடம் யாருக்கும் சொந்தமில்ல, ஆனா எடுத்த பொருள் எடுத்தவனுக்கு, நடுக்கடல் யாருக்கும் சொந்தமில்லன்னாலும் வலைல விழுந்த மீன் மீனவனோடதுதானே, அந்த மாதிரி. இத ஒத்துக்காத சட்ட வல்லுநர்களும் இருக்காங்க, வாதம் இன்னும் முடியல.

சட்டம் படிச்சவங்க இந்த டாக்குமெண்ட கட்டாயம் முழுசா படிங்க, சின்னதுதான், ஒரு காபி குடிக்கற நேரத்துல முடிச்சிடலாம். அனுமதி கேக்கற கம்பெனியோட பதிவு அலுவலகம் லக்ஸம்பர்க்ல இருக்கணும், அப்ளிகேஷன் ஃபீஸ் 5,000ல இருந்து 500,000 யூரோ வரைக்கும், எவ்வளவுங்கறத அமைச்சர் முடிவு பண்ணுவார், அனுமதி இல்லாம இறங்கினா 8 நாள்ல இருந்து 5 வருஷம் வரைக்கும் ஜெயில். இதெல்லாம் இன்டர்வியூல போற போக்குல நீங்க சொன்னா எதிர்ல இருக்கறவங்க நிமிர்ந்து உக்காருவாங்க, ஏன்னா பாதிப் பேரு அந்த முதல் வரியோட நிறுத்திடறாங்க. 2020 டிசம்பர் 15 தேதில இன்னொரு சட்டம் இருக்கு, அது பொதுவா எல்லா விண்வெளி நடவடிக்கைக்கும், அதையும் சேத்துப் படிங்க. லக்ஸம்பர்க் யூனிவர்சிட்டில விண்வெளி, தகவல் தொடர்பு, மீடியா சட்டத்துக்குன்னே ஒரு எல்எல்எம், அதாவது சட்டத்துல மாஸ்டர்ஸ், இருக்கு.

அந்த சட்டத்த நம்பி வந்த கம்பெனில ஒண்ணு ஐஸ்பேஸ், ஜப்பான் கம்பெனியோட ஐரோப்பிய கிளை. அவங்க லக்ஸம்பர்க்லயே டிசைன் பண்ணி செஞ்ச ரோவர் (நிலாவுல ஓடற குட்டி வண்டி) பேரு டெனேஷியஸ், எடை சுமார் 5 கிலோ, ஒரு சின்ன அரிசிப் பையத் தூக்கற அளவு. முன்னாடி சின்னதா ஒரு அள்ளு கரண்டி, கூடவே ஒரு ஸ்வீடன் கலைஞர் செஞ்ச கைக்கு அடக்கமான சிவப்பு வீடு. கரண்டியால நிலா மண்ண அள்ளி, போட்டோ எடுத்து, அந்த மண்ண நாசாவுக்கு விக்கணும், காண்ட்ராக்ட் தொகை 5,000 டாலர். மண்ணு பூமிக்கு வர வேணாம், அங்கயே கிடக்கட்டும், உரிமை மட்டும் கை மாறணும், விக்கலாம் வாங்கலாம்னு ஒரு முன்னுதாரணம் வேணும், அதுக்குத்தான் இவ்ளோ பாடு. 2025 ஜனவரில கிளம்பிச்சு, ஜூன் 5ல ரோவரச் சுமந்துட்டுப் போன லேண்டர் நிலாவுல இறங்கறப்ப உயரம் அளக்கற லேசர் கருவி சொதப்பி, வேகம் குறையாம மோதிடுச்சு. ரோவரும் போச்சு, சிவப்பு வீடும் போச்சு. இத ஏன் இவ்ளோ நேரம் சொல்றேன்னா, இந்தத் துறைல இப்படித்தான், ரெண்டு வருஷம் உழைச்சது ரெண்டு நிமிஷத்துல போகும், அது உங்களுக்கு ஒத்து வருமான்னு இப்பவே யோசிச்சுக்கோங்க, சேந்த அப்பறம் இல்ல.

சரி, காசு எப்படி ஓடுதுன்னு பாக்கலாம், வேலை தேடறவங்க யாருமே பாக்காத இடம் இது. லக்ஸம்பர்க் 2005ல ஈசாவுல உறுப்பினர் ஆச்சு. ஈசாவுல ஒரு வழக்கம் உண்டு, ஒரு நாடு எவ்வளவு பணம் போடுதோ கிட்டத்தட்ட அந்த அளவுக்கு காண்ட்ராக்ட் அந்த நாட்டு கம்பெனிகளுக்கே திரும்பி வரும். சின்ன நாட்டுக்கு இது ரொம்ப வசதி, பணத்த போட்டுட்டு எந்த புரோக்ராம்ல போடறோம்னு தேர்ந்தெடுத்தா, தன் கம்பெனிங்களுக்கு என்ன வேலை வரும்னு தானே தீர்மானிக்கற மாதிரி. அதுக்கு மேல லக்ஸ்இம்பல்ஸ்னு தேசிய புரோக்ராம் ஒண்ணு, காசு லக்ஸம்பர்க் கொடுக்கும், ப்ராஜெக்ட நடத்தறதுல ஈசா கை கொடுக்கும். அப்ளை பண்ற கம்பெனி அந்த நாட்டுல இருக்கணும்.

இப்ப டெக்னிக் இதுதான்: ஒரு கம்பெனி ஈசா காண்ட்ராக்ட்லயோ லக்ஸ்இம்பல்ஸ்லயோ கையெழுத்து போட்ட செய்தி வந்துச்சுன்னா, அடுத்த சில மாசத்துல அவங்களுக்கு ஆள் வேணும். வேகன்சி போஸ்ட் ஆகறதுக்கு முன்னாடியே நீங்க மெயில் போட்டுடணும். வேகன்சி வந்தப்பறம் போட்டா ஐரோப்பா முழுக்க இருந்து வர்ற கூட்டத்துல நீங்களும் ஒருத்தர், முன்னாடியே போட்டா நீங்க மட்டும்தான். ஏஜென்சி வெப்சைட்ல நியூஸ் பகுதிய வாரம் ஒருதடவை பாக்கறது பத்து ஜாப் போர்டுல அலர்ட் வெக்கறத விட மேல்.

மெயில் எப்படி எழுதறதுன்னு கேப்பீங்க. நான் பாத்த ஒரு கவர் லெட்டர் இப்படி ஆரம்பிச்சுது: "சிறு வயது முதலே நட்சத்திரங்களின் மீது எனக்கு தீராத காதல்." தம்பி நல்ல பையன், கோடிங் பின்னி எடுப்பான், ஆனா இந்த வரிய படிக்கற கம்பெனிக்காரன் இதே வரிய அன்னைக்கு நாலாவது தடவையா படிக்கறான். மாத்தி எழுத சொன்னேன், இப்படி வந்துச்சு: "நீங்க போன மாசம் எடுத்த காண்ட்ராக்ட்ல கப்பல் சிக்னல் டேட்டாவ சாட்டிலைட்லயே வடிகட்டறதா பாத்தேன். என் காலேஜ் ப்ராஜெக்ட்ல அதே மாதிரி சிக்னல் ஒண்ணு மேல ஒண்ணு விழறத பிரிக்க ஒரு கோட் எழுதினேன், சின்ன போர்டுல ஓடுது, எங்க சொதப்புதுங்கறதயும் கீழ எழுதியிருக்கேன், லிங்க் இதோ." அவ்ளோதான், மூணு வரி. அதுல முக்கியமான வார்த்தை எது தெரியுமா, சொதப்புது. தன் கோட் எங்க சொதப்பும்னு தெரிஞ்சவன இந்தத் துறைல நம்புவாங்க. பதில் வந்துச்சு, வேலை உடனே கிடைக்கல, ஆனா ஒரு ஃபோன் கால் வந்துச்சு, அந்த ஃபோன்ல இருந்து இன்டர்ன்ஷிப்.

படிப்பு வழியா உள்ள போறதுதான் வெளிநாட்டுப் பசங்களுக்கு எளிசு, என் அபிப்பிராயம். யூனிவர்சிட்டில இன்டர்டிசிப்ளினரி ஸ்பேஸ் மாஸ்டர்னு ரெண்டு வருஷ கோர்ஸ் 2019ல ஆரம்பிச்சாங்க, ஏஜென்சியோட சேந்து நடத்தறது, இங்கிலீஷ்ல. இஞ்சினியரிங் மட்டும் இல்ல, பிசினஸ், சட்டம், பாலிசி எல்லாம் கலந்து வரும். ஆழமா ஒரே சப்ஜெக்ட்ல போகணும்னு நினைக்கறவங்களுக்கு இது கொஞ்சம் மேலோட்டமா தோணலாம், ஆனா அந்த நாட்டோட டிசைனே அதுதான், கம்பெனி நடத்தத் தெரிஞ்ச இஞ்சினியர் வேணும் அவங்களுக்கு. கடைசி செமஸ்டர் தீசிஸ கம்பெனில பண்ற மாதிரி பாத்துக்கோங்க, லேப்ல பண்றத விட அதுதான் வேலையா மாறும்.

பிஎச்டி யோசனை இருந்தா அதே யூனிவர்சிட்டியோட எஸ்என்டி ஆராய்ச்சி மையத்த பாருங்க. அங்க லூனாலேப்னு ஒரு ரூம் இருக்கு, தரை முழுக்க கருங்கல் மாதிரி பசால்ட் கல்லும் பொடியும், சுவரெல்லாம் கருப்பு பெயின்ட், ஒரு ஓரத்துல இருந்து ஒரே ஒரு விளக்கு சூரியன் மாதிரி படுத்து அடிக்கும். நிலாவோட துருவத்துல வெளிச்சம் அப்படித்தான் விழும், ஒரு சின்ன கல்லுக்கே ஆள் நீளத்துக்கு நிழல், கேமரா குழம்பிப் போயிடும், கல்லு எது பள்ளம் எதுன்னே தெரியாது. அந்தக் குழப்பத்த ரோவர் எப்படி சமாளிக்கும்னு பாக்கத்தான் அந்த ரூம். இன்னொரு நல்ல விஷயம், அங்க பிஎச்டி பண்றவங்கள யூனிவர்சிட்டி ஊழியரா எடுத்து காண்ட்ராக்ட் போட்டு சம்பளம் கொடுக்கறாங்க, ஃபெல்லோஷிப்புக்கு அலைய வேண்டியதில்ல. இது தவிர 2020ல ஏஜென்சியும், லிஸ்ட்ங்கற பேருள்ள லக்ஸம்பர்க் ஆராய்ச்சி நிறுவனமும், ஈசாவும் சேந்து எஸ்ரிக்னு ஒரு மையம் ஆரம்பிச்சிருக்காங்க, விண்வெளி வளத்துக்கு மட்டும். நிலா மண்ணுல இருந்து ஆக்சிஜன் எப்படி பிரிக்கறது, தண்ணி எப்படி எடுக்கறதுங்கற மாதிரி வேலை. கெமிக்கல், மைனிங், மெட்டலர்ஜி படிச்சவங்க ஸ்பேஸ் நமக்கில்லன்னு ஒதுங்கிடாதீங்க, உங்க இடம் இதுதான். வருஷா வருஷம் ஸ்பேஸ் ரிசோர்சஸ் வீக்னு ஒரு கூட்டமும் அங்க நடக்கும், துறை சின்னதுங்கறதால பெரிய ஆளுங்களே காபி கப்போட நின்னுட்டு இருப்பாங்க, போய் பேசலாம்.

சொந்தக் கம்பெனி யோசனை இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: ஃபிட் ஃபார் ஸ்டார்ட்னு அரசாங்க புரோக்ராம் இருக்கு, ஸ்பேஸ் ஸ்டார்ட்அப்பும் அதுல வரும், கோச்சிங்கோட மொத்தம் 150,000 யூரோ வரைக்கும் கிடைக்கும், ஆனா முழுத்தொகையும் ஒரே தடவைல வராது, முதல்ல ஒரு பகுதி, வெளிய இருந்து முதலீடு புடிச்சு காட்டினாத்தான் மீதி. பங்கு கேக்க மாட்டாங்க. பேப்பர்ல மட்டும் லக்ஸம்பர்க் அட்ரஸ் வெச்சுக்கிட்டு வேலையெல்லாம் வேற ஊர்ல பண்ணலாம்னு நினைச்சா கண்டுபிடிச்சிடுவாங்க, சின்ன ஊரு, எல்லாரும் எல்லாரையும் தெரிஞ்சவங்க.

ஒரு எச்சரிக்கை, நிறைய பேரு இதுல மாட்டறாங்க. அந்த நாட்டுல விண்வெளின்னு வர்றது எல்லாம் ஏஜென்சி கைல இல்ல. 2018ல போன கவ்சாட் 1 சாட்டிலைட் அரசாங்கமும் எஸ்இஎஸ்ஸும் சேந்து வெச்சிருக்கற கம்பெனியோடது, 2025 ஆகஸ்ட்ல போன நாவோஸ் ராணுவத் துறையோட கண்காணிப்பு சாட்டிலைட். இந்த மாதிரி இடங்கள்ல பாதுகாப்பு கிளியரன்ஸ் கேப்பாங்க, ஐரோப்பிய யூனியன் பாஸ்போர்ட் இல்லாதவங்களுக்கு பெரும்பாலும் கதவு சாத்திதான் இருக்கும். ஈசாவோட ட்ரெய்னி புரோக்ராமும் அப்படித்தான், அவங்க உறுப்பு நாடுகள், அவங்களோட ஒப்பந்தம் போட்ட நாடுகளோட குடிமக்களுக்குத்தான். விளம்பரத்துல கடைசி பத்தில குடியுரிமை நிபந்தனை இருக்கும், முதல்ல அத படிச்சிட்டு அப்பறம் மேல போங்க. நான் ஒருதடவை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒரு ஃபார்ம நிரப்பி, கடைசி பக்கத்துல அந்த ட்ராப்டவுன்ல என் நாடே இல்லாதத பாத்துட்டு லேப்டாப்ப மூடினேன்.

கடைசியா பேப்பர் வேலை. யூனியனுக்கு வெளிய இருந்து வர்றவங்க மூணு மாசத்துக்கு மேல தங்கணும்னா, நாட்டுக்குள்ள கால் வெக்கறதுக்கு முன்னாடியே தற்காலிக தங்கும் அனுமதி வாங்கியாகணும், டூரிஸ்டா போய் அங்க இருந்துட்டு மாத்திக்கலாம்ங்கற கதையெல்லாம் வேணாம். அனுமதி வந்தப்பறம்தான் விசா. போய் இறங்கின 3 நாளுக்குள்ள கம்யூன் ஆபீஸ்ல (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) வந்துட்டேன்னு பதிவு பண்ணணும், அப்பறம் மெடிக்கல் செக்கப், அப்பறம் ரெசிடென்ஸ் கார்டு. மாஸ்டர்ஸ் முடிச்சவங்க வேலை தேடவோ கம்பெனி ஆரம்பிக்கவோ 9 மாசம் கூடுதலா தங்க அனுமதி கேக்கலாம், கார்டு காலாவதி ஆகறதுக்கு முன்னாடி கேக்கணும். பஸ், ட்ரெயின், ட்ராம் எல்லாம் 2020ல இருந்து நாடு முழுக்க இலவசம், ஆனா வாடகை கழுத்த நெரிக்கும். கூட வேலை பாக்கறவங்க நிறைய பேரு எல்லை தாண்டி ஜெர்மனில ட்ரியர்லயும் ஃப்ரான்ஸ்ல தியோன்வில்லயும் வீடு எடுத்து தினமும் வந்து போவாங்க, பாத்துட்டு நாமளும் போலாம்னு தோணும். அவங்க யூனியன் பாஸ்போர்ட்காரங்க. உங்க கார்டு லக்ஸம்பர்க்ல குடியிருக்கத்தான், ட்ரியர்ல வீடு எடுக்கணும்னா ஜெர்மன் பர்மிட் தனியா வேணும், அதனால அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி வீடு எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்துடுங்க.